ஆறு திருஷ்டிப் பொட்டுகள்

ஜூன் 3, செவ்வாய்

டாக்டர் என் கையிலிருந்து பிரஷர் பட்டையைக் கழற்றிவிட்டு, "யாரையாவது திட்டணும்னு தோணினா, வீட்டுக்குப் போய் எழுதி வைங்க குமரகுரு. மாத்திரை பாதி வேலைதான் செய்யும்" என்றார். எனக்கு யாரையும் திட்டத் தோன்றவில்லை. இருந்தாலும் கேட்டு வாங்கிய அறிவுரை, வீணாக்க வேண்டாமே என்று எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவுக்குத் தலைவன். மலைக் கிராமங்களுக்குக் குடிநீர் ஏற்றப் போகும் புதிய பம்பின் இரும்பு உறை என் கைவண்ணம். நத்தை ஓடு மாதிரி வழவழவென்று வளைந்து போகும். எங்கும் ஒரு தட்டைப் பரப்போ துருத்தலோ கிடையாது. பழையதைவிட எடையும் குறைவு. ஜெனரல் மேனேஜர் ரமணி சார் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இத தண்ணி எறைக்க வைக்கறதா, ஷோகேஸ்ல வைக்கறதா?" என்று கேட்டார். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

உறையை வார்ப்பது ஜெயசிங்கின் ஃபவுண்டரி. வார்த்த காஸ்டிங்கைக் கடைந்து துளை போட்டுத் தருவது குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் இருக்கும் சுகந்தியின் மெஷின் ஷாப். சுகந்தி என் மனைவி. கல்லூரியில் என் வகுப்புதான். எல்லாப் பரீட்சையிலும் எனக்கு ஒரு படி மேலே. அதை அவள் சொல்லிக் காட்டுவதே இல்லை. அவள் அம்மா சொல்லிவிடுவார். அவளுக்கு இந்த வேலையைக் கொடுத்தது பர்ச்சேஸ் பிரிவு. முடிவெடுத்த அறைப் பக்கமே நான் போகவில்லை என்பதை இங்கும் பதிவு செய்கிறேன்.

நேற்று கூட்டம். முதலில் வந்த உறைகளில் மூன்றில் ஒரு பங்கு கழிவு. ஒரு பக்கம் சுவர் தடிமன், மறுபக்கம் அப்பளம். போல்ட் துளைகள் விளிம்பைத் தின்றுவிட்டு நிற்கின்றன. ரமணி சார் என் பக்கம் திரும்பி, "மெஷினிங்லதான் தப்பு. இல்லையா குரு?" என்றார். அப்போது என் வாயில் பஜ்ஜி இருந்தது. நான் விழுங்குவதற்குள் கூட்டக் குறிப்பில் அப்படியே ஏற்றிவிட்டார்கள். சுகந்தி எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பஜ்ஜி சூடாக இருந்ததை அவள் கவனித்திருப்பாள்.

இன்று காலை அவள் வடவள்ளிக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். அத்தைக்கு முட்டி வலியாம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

ஜூன் 4, புதன்

சோறு குழைந்துவிட்டது. குக்கரில் ஏதோ கோளாறு.

ஜூன் 6, வெள்ளி

அலுவல் நிமித்தமாக சுகந்தியின் ஷாப்புக்குப் போன் செய்தேன். அவளே எடுத்தாள்.

"சொல்லுங்க சார்."

"சாரா?"

"கம்பெனி நம்பர்ல இருந்து கூப்பிடறீங்க. வேற எப்படிங்க சார் கூப்பிடறது?"

கழிவான உறைகளைப் பற்றி அவளுடைய விளக்கம் என்ன என்று கேட்டேன்.

"வெளக்கம் எல்லாம் ஒண்ணும் இல்லைங்க சார். ஒரு சந்தேகம் மட்டும் இருக்கு. உங்க காஸ்டிங்க மெஷின்ல எங்க வெச்சு, எங்க புடிக்கறதுங்க?"

"டிராயிங்கில் எல்லாம் இருக்கிறது."

"சரிங்க சார். பூதக்கண்ணாடி வாங்கிட்டுப் பாக்கறேங்க" என்று வைத்துவிட்டாள்.

அத்தையின் முட்டியைப் பற்றி விசாரிக்க மறந்துவிட்டேன். சாம்பார்ப் பொடி எந்த டப்பாவில் என்றும் கேட்டிருக்கலாம். ரசம் வைக்கப் போய் என்னவோ ஆகிவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

காய் வாங்க டவுன்ஹால் பக்கம் போனேன். அத்தையைப் பார்த்தேன். இரண்டு கையிலும் பை. நகரத் தொடங்கிய பஸ்ஸை ஓடிப் பிடித்து ஏறினார். முட்டி வலி விட்டு விட்டு வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஜெயசிங்கின் ஃபவுண்டரிக்குப் போனேன். நாகர்கோவில்காரர். உலையின் சத்தத்துக்கு நடுவே வேலை பார்ப்பதால் எதையும் கத்தித்தான் சொல்வார், இரகசியத்தைக்கூட.

கழிவான உறை ஒன்றை மேசையில் புரட்டிப் போட்டார். மணல் அச்சு மேல் பெட்டி, கீழ்ப் பெட்டி என்று இரண்டாக இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் வார்ப்பின் மேல் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைத் தடவிக் காட்டினார்.

"நாங்க இதுல இருந்து அளக்கோம் சார். இதுல இருந்து பாத்தா எல்லாம் சரியா இருக்கு. சுகந்தி மேடம் இந்த விளிம்புல இருந்து அளக்காங்க. அதுல இருந்து பாத்தா அவங்க செஞ்சதும் சரி. நீங்க எதுல இருந்து அளக்கச் சொல்லியிருக்கீங்க?"

"நடுத்துளையின் மையத்திலிருந்து."

"எந்தத் துளை சார்?"

மேசையில் அடுத்து ஒரு பச்சை வார்ப்பு, இன்னும் மெஷினுக்குப் போகாதது, இருந்தது. அதில் நடுத்துளையைக் காட்டப் போனேன். கடையாத வார்ப்பில் அது இல்லை. சொரசொரப்பான ஒரு குழிதான் இருந்தது. ஜெயசிங் டீக்குச் சொல்லி அனுப்பினார்.

சப்ளையர்களுக்குள் ஒருங்கிணைப்பு போதவில்லை என்பது என் முடிவு.

ஜூன் 11, புதன்

அந்த முடிவை ரமணி சாருக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுதவில்லை. தலைவலி.

ஜூன் 13, வெள்ளி

ரமணி சார் கூப்பிட்டார். "குரு, உறை வேலைய வேற ஷாப்புக்கு மாத்தச் சொல்லிட்டேன். குடிநீர்க்காரங்க தினமும் போன் பண்றாங்க. வீட்டுல சங்கடம் ஆகாதே?"

"ம்" என்றேன்.

"ம்னா ஆகும்ங்கறீங்களா, ஆகாதுங்கறீங்களா?"

அதற்குள் அவருக்கு வேறு போன் வந்துவிட்டது.

சுகந்தி இந்த வேலையை நம்பித்தான் புது மெஷின் போட்டாள். அது வந்த அன்று அதற்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நறுக்கி, மூன்று தெருவுக்கு சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள். மத்தியானம் கேன்டீனில் எனக்குப் பிடித்த தயிர் வடை. பாதியோடு எழுந்துவிட்டேன். தயிர் புளித்திருந்ததாக நினைக்கிறேன். மற்றவர்கள் சாப்பிட்டார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

கேஸ் சிலிண்டர் புத்தகம் எங்கே இருக்கிறது என்று கேட்பதற்காகக் குறிச்சிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை. ஷாப்பில் யாரும் இல்லை, சுகந்தியைத் தவிர. என்னுடைய உறைகளைத் தரையில் வரிசையாக அடுக்கி, நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"சிலிண்டர் புக்கு ஃபிரிட்ஜ் மேல இருக்குதுங்க சார். போன்லயே கேட்டிருக்கலாமே."

"சிக்னல் சரியில்லை."

"கணபதி வீட்டுல இருந்து குறிச்சி வரைக்குமேவா?"

புது மெஷினைப் பார்த்தேன். பளபளவென்று துடைத்து வைத்திருந்தாள்.

"பர்ச்சேஸ்ல இருந்து போன் வந்துச்சு" என்றாள். "இந்த வேலை போச்சுன்னா இதுக்கு போர்வைய போத்தி வெக்கணும். இங்க இருக்கற ஆளுங்ககிட்ட வேற எடம் பாத்துக்கங்கன்னு சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னுதான் உக்காந்து யோசிச்சுட்டு இருந்தேன்." பிறகு எழுந்து, ஒரு ஜோடிக் கையுறையை என்னிடம் நீட்டினாள். "வந்ததுதான் வந்தீங்க. உங்க காஸ்டிங்க நீங்களே ஒருக்கா மெஷின்ல ஏத்திக் காட்டுங்க. நான் கத்துக்கறேன்."

சவாலாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபது வருட அனுபவம் எனக்கு.

இரண்டு பேருமாகச் சங்கிலிக் கப்பியில் தூக்கி மெஷின் மேசையில் வைத்தோம். வைத்த உடனே உறை ஒரு பக்கம் சாய்ந்தது. நிமிர்த்தினேன். மறுபக்கம் சாய்ந்தது. உருண்டையாக இருக்கும் எதுவும் அப்படித்தான் செய்யும் என்பது எனக்குத் தெரியும். என் உறை செய்யும் என்று எதிர்பார்க்கவில்லை. அடியில் மெல்லிய தகடுகளைச் செருகினேன். ஆட்டம் நின்றது. மேலிருந்து கிளாம்பை இறுக்கினேன். இறுக்கியதும் தகடு நழுவியது. மறுபடியும் செருகி, மறுபடியும் இறுக்கி, அளவுமானியை வைத்தேன். எல்லாம் நேர். வெற்றியோடு சுகந்தியைப் பார்த்தேன்.

"சூப்பருங்க. இப்ப அடுத்தத ஏத்துங்க. அதே தகடு, அதே எடம்."

அடுத்ததை ஏற்றினேன். அதே தகடுகள், அதே இடம். உறை என்னைப் பார்த்துத் தலையாட்டியது. முதல் உறையில் நான் தகடு வைத்த இடத்தில், இதில் ஃபவுண்டரிக்காரர்கள் அரைத்துத் தேய்த்த தழும்பு ஒன்று இருந்தது. மூன்றாவதில் அதே இடத்தில் பெட்டிகள் சேரும் கோடு புடைத்துக்கொண்டு நின்றது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி உட்கார்ந்தது. என் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. அந்த ஷாப்பில் காற்றோட்டம் போதாது.

"உக்காரறத விடுங்க" என்றாள். "எதுல இருந்து அளந்து துளை போடறது? அத மட்டும் சொல்லுங்க."

"மையத்திலிருந்து."

"மையம் எங்க இருக்கு?"

"நீ துளை போட்ட பிறகு…" என்று தொடங்கினேன். அந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். முடிக்க வழியில்லை.

சுகந்தி சிரிக்காமல் இருக்கக் கொஞ்ச நேரம் பாடுபட்டாள். பிறகு முடியவில்லை. "ஏனுங்க, இன்னும் கட்டாத வீட்டுக்கு எதுத்த வீடுன்னு அட்ரஸ் எழுதிக் குடுத்தா, தபால்காரர் எங்கங்க போவாரு?"

அவள் 'சார்' போடாததை நான் கவனித்தேன். சுட்டிக் காட்டவில்லை.

கைகழுவப் போகும்போது அவள் குரல் மாறியிருந்தது. "தப்பு யாருதுன்னு எனக்கு ஒண்ணும் இல்லைங்க. எல்லாருந்தான் தப்பு பண்றோம். அன்னிக்கு கூட்டத்துல, நீங்க வாயத் தொறப்பீங்க தொறப்பீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்."

"வாயில் பஜ்ஜி…"

"தெரியும். மொளகா பஜ்ஜி. அதுக்கப்புறம் இன்னொண்ணும் எடுத்தீங்க."

வரும் வழியெல்லாம் கண் எரிந்தது. உக்கடத்தில் தூசி அதிகம்.

ஜூன் 16, திங்கள்

அலுவலகம் திறந்ததும் ரமணி சார் அறைக்குப் போனேன். வேலையை மாற்றுவதை நிறுத்தி வைக்கச் சொன்னேன்.

"ஏன்?"

"டிராயிங்கில் சற்றுத் தெளிவு தேவைப்படுகிறது."

"தெளிவு தேவைப்படுதா, தப்பா இருக்கா?"

"தெளிவு தப்பாக இருக்கிறது."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மாசக் கடைசி வரைக்கும் டைம் தர்றேன். புது டிராயிங், புது காஸ்டிங், அதே ஷாப். சரியா வரலன்னா வேலை அடுத்த நாளே போயிடும். அந்தக் கூட்டக் குறிப்பும் அப்படியே நிக்கும்."

தெளிவு தப்பாக இருக்கிறது என்பது இலக்கணப்படி சரியான வாக்கியம்தானா என்று தெரியவில்லை.

ஜூன் 19, வியாழன்

மூன்று நாளாக வரைகிறேன். வார்ப்பிலேயே ஆறு சிறிய மேடுகள் விட வேண்டும். அடியில் மூன்று, பக்கத்தில் இரண்டு, முனையில் ஒன்று. மூன்றில் உட்கார்ந்தால் ஆடாது, இரண்டில் சாய்ந்தால் திரும்பாது, ஒன்றில் முட்டினால் நகராது. ஃபவுண்டரி அளப்பதும் இந்த ஆறிலிருந்து, மெஷினில் உட்கார வைப்பதும் இந்த ஆறின் மேல், டிராயிங்கில் அளவுகள் தொடங்குவதும் இந்த ஆறிலிருந்து. இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. இரண்டாம் வருடப் பாடம். அன்று நான் சினிமாவுக்குப் போயிருந்தேன் என்று சுகந்தி போனில் சொல்கிறாள். நம்பத் தகுந்த சாட்சி இல்லை.

முதலில் அடி மூன்றையும், கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று, உறையின் கழுத்துக்குப் பின்னால் பக்கத்துப் பக்கத்தில் வரைந்து அனுப்பினேன்.

"மூணு காலையும் ஒரே மூலைல வெச்ச ஸ்டூல்ல நீங்க உக்காருவீங்களா?" என்றாள். தள்ளித் தள்ளி வைத்தேன்.

பிறகு ஜெயசிங் கூப்பிட்டுக் கத்தினார். "சார், அஞ்சு மேடு கீழ்ப் பெட்டியில இருக்கு, ஒண்ணு மட்டும் மேல் பெட்டியில போயிட்டு! பெட்டி கொஞ்சம் நகந்தாலும் அது தனியா நகரும்லா! உள்ளுக்க குழிவு வர வைக்கிற மணல் கோர் உக்காருறதும் கீழதான். ஆறையும் கீழயே போடுங்க!" போட்டேன்.

கடைசியாகப் பார்த்தபோது என் நத்தை ஓட்டுக்கு அம்மை போட்டது போல் இருந்தது. மனது கேட்கவில்லை. சுகந்தியிடமே சொன்னேன்.

"அழகான புள்ளைக்கு திருஷ்டிப் பொட்டு வெக்கறது இல்லையா? அப்படி நெனச்சுக்கங்க" என்றாள். "கொஞ்சம் அதிகமாவே அழகுன்னு ஆறு வெக்கறோம்."

கிளாம்ப் ஒவ்வொன்றும் ஒரு மேட்டுக்கு நேர் எதிரே அழுத்தும்படி அவளே குறித்துக் கொடுத்தாள். வேறிடத்தில் அழுத்தினால் உறை வளைந்துகொடுத்து, கழற்றியதும் பழையபடி நிமிர்ந்துவிடும். போட்ட துளை கோணலாகிவிடும். இன்று நான்கு முறை பேசினோம். எல்லாம் அலுவல் பேச்சு. கடைசி முறை மழையைப் பற்றி.

ஜூன் 22, ஞாயிறு

அத்தை வந்தார். மீன் குழம்புத் தூக்கோடு மூன்று மாடியும் லிஃப்ட் இல்லாமல் ஏறி வந்தார். மூச்சுகூட வாங்கவில்லை.

"முட்டி இப்போது எப்படி இருக்கிறது அத்தை?"

"எந்த முட்டிங்க மாப்ளே?"

தூக்கை மேடையில் வைத்துவிட்டு அடுப்படியை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். வாசலில் செருப்பை மாட்டும்போது, "அவ வரமாட்டேன்னு சொல்லலீங்க. கூப்பிட்டா வருவா" என்றார்.

"தினமும் கூப்பிடுகிறேனே அத்தை."

"டிராயிங்குக்குத்தானுங்க கூப்பிடறீங்க."

குழம்பு நன்றாக இருந்தது.

ஜூன் 27, வெள்ளி

புது வார்ப்புகள் இன்று குறிச்சிக்கு வந்தன. ஜெயசிங்கும் வண்டியோடு வந்துவிட்டார். ஃபவுண்டரியிலேயே ஆறு மேட்டில் உட்கார வைத்து அளந்ததில் இரண்டு வார்ப்பில் உள்ளே வைத்த மணல் கோர் நகர்ந்து, சுவர் ஒரு பக்கம் மெலிந்திருந்ததாம். அங்கேயே உடைத்து உலையில் போட்டுவிட்டு மீதியைத்தான் கொண்டுவந்தார். முன்பெல்லாம் இது மெஷினில் ஏறி, பாதி நாள் தின்ற பிறகுதான் தெரியும்.

முதல் உறையைக் கப்பியில் தூக்கி இறக்கினோம். அடி மேடு மூன்றும், மெஷின் மேசையில் நட்டிருந்த மூன்று ஊன்றின் மேல் உட்கார்ந்தன. சுகந்தி விரலால் தட்டிப் பார்த்தாள். அசையவில்லை. பக்கத்து இரண்டில் சாய்த்தாள், முனையில் முட்டினாள். தகடு ஒன்றும் கிடையாது.

இரண்டாவது உறை ஆடியது.

நான் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். சுகந்தியும் மறுபக்கத்திலிருந்து குனிந்தாள். ஒரு மேட்டில் கடுகளவு மணல் ஒட்டியிருந்தது. அவள் நகத்தால் சுரண்டி எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினாள். "இதுக்குத்தான் மூச்ச நிறுத்திட்டு நின்னீங்களா?" என்றாள். அவளும் நிறுத்தியிருந்தாள். எதிரே இருந்த எனக்குத் தெரியாதா?

மெஷின் ஓடியது. வந்த உறைகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி இறக்கினார்கள். சுவர் சுற்றிலும் ஒரே தடிமன். போல்ட் துளைகள் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் சமர்த்தாக நின்றன. எல்லாவற்றையும் நானே மறுபடி அளந்தேன். கடைசி ஒன்றை இரண்டு தடவை.

சுகந்தி திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஜெயசிங் என் காதருகே, "மேடம் அழுறாங்க" என்று இரகசியம் சொன்னார். தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

ஜூன் 30, திங்கள்

கூட்டம். அளவுகளை எல்லோரும் பார்த்தார்கள். வேலை சுகந்தியிடமே இருக்கும், குடிநீர்க்காரர்களுக்கு அடுத்த வாரம் முதல் பம்பு போகும். பழைய கூட்டக் குறிப்பைத் திருத்தும்படி கேட்டுக்கொண்டு, நான் எழுந்து சில விளக்கங்கள் அளித்தேன். விவரம் இங்கே தேவையில்லை.

படியில் இறங்கும்போது சுகந்தி பக்கத்தில் வந்தாள். "மைக்கே இல்லாம கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சுங்க" என்றாள். "'பிடிக்க இடமே இல்லாமல் வரைந்தது நான்'னு ரெண்டு தடவை சொன்னீங்க. ஒரு தடவையே போதும்."

"முதல் முறை சரியாகக் கேட்டிருக்காதோ என்று…"

"கேட்டுச்சு" என்றாள்.

ரமணி சார் இனி வரும் எல்லா டிராயிங்கும் ஃபவுண்டரிக்கும் மெஷின் ஷாப்புக்கும் காட்டிய பிறகுதான் என் கையெழுத்துக்கு வர வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறார். இது என் யோசனை என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். நான் மறுக்கவில்லை.

ஜூலை 2, புதன்

இரண்டு தட்டு வைத்துவிட்டேன். எதற்கென்று தெரியவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

காலையிலேயே வடவள்ளிக்குப் போனேன். வழக்கமாக ஏதாவது காரணத்தோடு போவேன். இன்று ஒன்றும் தயார் செய்யவில்லை. அத்தை கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, வழிவிட்டு, அடுப்படிக்குள் போய்விட்டார்.

சுகந்தி கூடத்தில் வேறொரு கம்பெனியின் டிராயிங்கை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். நான் நின்றபடியே சொன்னேன்.

"வீட்டுக்கு வா சுகந்தி. நீ இல்லாமல் என்னவோ மாதிரி இருக்கிறது."

"என்ன மாதிரி?"

"என்னவோ மாதிரி."

"டெக்னிக்கலா சொல்லுங்க."

"சுகந்தி!"

அவள் டிராயிங்கைச் சுருட்டினாள். "இத சொல்றதுக்கு ஒரு மாசமாங்க உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "திங்கக்கெழமையே பொட்டி கட்டிட்டா மாப்ளே. நீங்கதான் லீவு பாத்து வர்றீங்க."

பெட்டியை ஸ்கூட்டரில் முன்னால் என் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டேன். சுகந்தி பின்னால் உட்கார்ந்து, பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வேளாண் பல்கலைக்கழகம் தாண்டியதும் அவள் புது டிராயிங்கைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு வால்வின் உடம்பாம். அதிலும் பிடிக்க இடமில்லையாம். வரைந்தவர் யாரோ பெரிய படிப்பாளியாம். நான் அந்த முகம் தெரியாத மனிதருக்காகக் கொஞ்சம் வாதாடினேன். அவள் சிரித்தாள்.

லாலி ரோடு திருப்பத்தில் கம்பியை விட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரை எடுக்கவில்லை.

அந்த இடத்தில் சாலை மோசம். போன வாரம்தான் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். இருந்தாலும் மோசம்தான்.